சோள இலையின் செம்புள்ளி

படிப்பின் இறுதியாண்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை, சோளப் பயிரின் இலைகளில் ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று வரிசை வரிசையாகப் பார்த்து மதிப்பெண் இடுவதாகும். அந்த அளவுகோலில் 1 என்றால் இலை சுத்தமாக இருக்கிறது என்றும், 5 என்றால் கதிருக்கு அடியிலுள்ள கடைசி இலையான கண்ணாடி இலை வரை நோய் ஏறிப் பெரும்பாலான இலைகள் காய்ந்துவிட்டன என்றும் பொருள். முதல் நாள் காலையில் நான் நின்ற வரிசையின் இலைகள், யாரோ செங்காவியைக் கரைத்துத் தெளித்துவிட்டுப் போனதைப்போல, நுனி முதல் அடி வரை சிவப்புப் புள்ளிகளால் நிறைந்திருந்தன. சற்றும் தயங்காமல் 4 என்று எழுதினேன். அடுத்த வரிசையில் புள்ளிகள் குறைவு. இருந்தவையும் கண்ணைப் பறிக்காத, நடுவில் வைக்கோல் நிறத்தில் வெளிறிய சில திட்டுகள்தாம். அதற்கு 2 என்று எழுதிவிட்டு, வேலை எளிதாகத்தான் இருக்கிறது என்ற நிறைவோடு நகர்ந்தேன்.

மேற்பார்வையிட வந்த மூத்த ஆய்வாளர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், சட்டைப்பையிலிருந்த கைவில்லையை எடுத்து நீட்டினார். திட்டுகளின் நடுவில் கருப்பாக எதுவும் தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். முதல் வரிசையின் செம்புள்ளிகளில் எத்தனை உற்றுப் பார்த்தும் வெறும் சிவப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டாவது வரிசையின் வெளிறிய திட்டுகளிலோ, மிளகைப் பொடித்துத் தூவியதைப்போல் கருநிறப் பொட்டுகள் இருந்தன. வில்லையைச் சற்று அருகில் கொண்டுபோனபோது அவை ஒவ்வொன்றிலிருந்தும் நான்கைந்து கருமயிர்கள் விறைத்து நிற்பது தெரிந்தது. அவைதான் பூஞ்சை தன் வித்துகளை உற்பத்தி செய்து அடுத்த மழைத்துளிக்காகக் காத்துவைக்கும் மேடுகள். முதல் வரிசையில் பூஞ்சை நுழைந்த இடத்திலேயே மடிந்திருக்கிறது. இரண்டாவதில் அது குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. என் 4 அடிக்கப்பட்டு 2 ஆனது, 2 அடிக்கப்பட்டு 3 ஆனது. கண்ணுக்கு நோய் என்று தோன்றியது, நோய்க்குச் செடி கொடுத்த பதில்.

அந்தச் சிவப்பு என்ன என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன், ஏனெனில் பூவின் நிறத்தைப் பற்றியும் பழத்தின் நிறத்தைப் பற்றியும் பேசும் அளவுக்குப் புண்ணின் நிறத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. சோளத்தின் அந்தச் சிவப்பு, ஃப்ளேவனாய்டு என்னும் தாவர வேதிப்பொருள்களின் பெரிய குடும்பத்தில் 3-டீஆக்சி ஆந்தோசயனிடின்கள் என்ற சிறிய கிளையைச் சேர்ந்த சேர்மங்களால் வருவது. அவற்றில் முக்கியமானவை இரண்டு: அபிஜெனினிடின், லூட்டியோலினிடின். பூக்களுக்கும் பழங்களுக்கும் நீலமும் ஊதாவும் சிவப்பும் தரும் ஆந்தோசயனின்களுக்கு இவை நெருங்கிய உறவு. வேறுபாடு, மூலக்கூறின் நடு வளையத்தில் மூன்றாம் கரியணுவோடு இருக்கவேண்டிய ஓர் ஆக்சிஜன் இவற்றில் இல்லை என்பதே. அந்த ஒன்று இல்லாததால் நிறம் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நகர்கிறது, மூலக்கூறும் எளிதில் சிதையாமல் நிற்கிறது. பூக்களில் பரவலாகக் காணப்படும் சாதாரண ஆந்தோசயனினைப்போல் அல்லாமல், இந்த வகை தாவர உலகில் அரிது. சோளம், மக்காச்சோளம், கரும்பு போன்ற சில புல்லினப் பயிர்களிலும் வேறு சில தாவரங்களிலும் மட்டுமே பேசும்படியாக இருக்கிறது. கரும்பைச் செவ்வழுகல் நோய் தாக்கும்போதும் இதே வகைச் சேர்மங்கள் உருவாவதை 1990களில் கண்டறிந்திருக்கிறார்கள்.

இவை எப்போது, எங்கே உண்டாகின்றன என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நிலை. ஆந்த்ரக்னோஸ் பூஞ்சையின் வித்து, பிறைநிலா வடிவில் வளைந்த மிகச் சிறிய துகள். மழைத்துளியின் தெறிப்பில் ஏறி வந்து இலைமேல் விழுந்து, ஈரம் இருக்கும் சில மணி நேரத்துக்குள் முளைத்து, முளையின் நுனியில் கருமையான, தடித்த சுவருள்ள ஒரு குமிழை உருவாக்கி, அதை இலையின் மெழுகுப் படலத்தில் ஒட்டவைத்துக்கொள்கிறது. அந்தக் குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சை இதே போன்ற குமிழுக்குள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 80 மடங்கு அழுத்தத்தை உருவாக்குவதாக 1991ஆம் ஆண்டிலேயே அளந்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தால் குமிழின் அடியிலிருந்து ஒரு முளை ஊசிபோல் இறங்கி இலையின் மேற்றோல் செல்லைத் துளைக்கிறது. உள்ளே நுழைந்ததும் பூஞ்சை செல்லை உடனே கொல்வதில்லை. சிறிது காலம் உயிருள்ள செல்லுக்குள்ளேயே அமைதியாகத் தின்று வளர்ந்து, பிறகுதான் கொலையில் இறங்குகிறது. செடிக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த இடைவெளி மட்டுமே.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்னைடரும் நிக்கல்சனும் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து 1990இல் எழுதினார்கள். நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் கண்ணால் கண்டதைப்போல் மனத்தில் தங்கிவிட்ட ஒன்று அது. தாக்கப்பட்ட செல்லுக்குள் முதலில் நிறமற்ற சிறு உருண்டைகள் தோன்றுகின்றன. அவை பூஞ்சை துளைக்க முயலும் இடத்தை நோக்கி நகர்ந்து, அங்கே ஒன்றுகூடிப் பெரிதாகின்றன. பிறகு மெல்ல நிறமேறிச் செம்மஞ்சளாகி, அடர்ந்த சிவப்பாகி, வடிவம் இழந்து உடைந்து, உள்ளே இருந்ததையெல்லாம் செல் முழுவதும் கொட்டிவிடுகின்றன. அதில் பூஞ்சை சாகிறது. உருண்டைகளைச் செய்த செல்லும் சாகிறது. தாக்குதலுக்கு உள்ளான அந்த ஒற்றைச் செல்லே தன் நஞ்சைத் தானே தயாரித்து அதிலேயே மூழ்கிப்போகிறது. இலையில் நாம் காணும் செம்புள்ளி, இப்படி மடிந்த சில செல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இடம். மொத்த இலையையும் அரைத்து அளந்தால் இந்தச் சேர்மங்களின் அளவு அற்பமாகத் தெரியும். ஆனால் தனிச் செல்லின் அளவில் கணக்கிடும்போது, பூஞ்சையை நிறுத்தத் தேவையானதைவிட மிக அதிகமான செறிவு அங்கே இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. சராசரி என்பது எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

தாக்குதலுக்குப் பிறகு புதிதாகத் தயாரிக்கப்படும் இத்தகைய சேர்மங்களுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர். தாவரம், தடுத்து விரட்டுதல் என்ற பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களின் இணைப்பு அது. 1940இல் மியூலர், பெர்கர் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள், உருளைக்கிழங்குத் துண்டின்மேல் அந்த ரகத்தைத் தாக்க இயலாத கருகல் நோய்க் கிருமியை முதலில் வைத்துவிட்டு, பிறகு அதே இடத்தில் தாக்கவல்ல கிருமியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வளரவில்லை. முதல் கிருமி தூண்டிவிட்ட ஏதோ ஒன்று அந்த இடத்தில் இருந்திருக்கவேண்டும் என்று ஊகித்து, கையில் அகப்படாத அந்தப் பொருளுக்குப் பெயரையும் வைத்தார்கள். (அந்தக் கருகல் நோய்க் கிருமி கண்டிப்பான வகைப்பாட்டில் பூஞ்சையே அல்ல என்பது வேறு கதை.) பொருள் கையில் அகப்பட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1960இல் கான்பெராவில் குருக்ஷாங்க், பெரின் ஆகிய இருவரும் பட்டாணிக் காயைப் பிளந்து, விதைகளை எடுத்துவிட்டு, விதை இருந்த குழிகளில் பூஞ்சை வித்துகள் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக வைத்து, பிறகு அந்தச் சொட்டுகளைத் திரட்டி அதிலிருந்து பிஸாட்டின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். பட்டாணித் தோலே பாத்திரமாகவும் பட்டாணித் தோலே தொழிற்சாலையாகவும் அமைந்த அந்தச் சோதனையின் எளிமை இன்றும் என்னை வியக்கவைக்கிறது. பிஸாட்டினும் ஃப்ளேவனாய்டு வழியில் பிறந்ததுதான்.

எல்லா ஃப்ளேவனாய்டுகளும் ஒரே வாசலில் தொடங்குகின்றன. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து புறப்படும் பாதை, சால்கோன் சிந்தேஸ் என்ற நொதியைத் தாண்டி, நாரிஞ்செனின் என்ற சந்திப்பை அடைகிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதைச் செடியிடம் இருக்கும் நொதிகள் முடிவுசெய்கின்றன. நெல் அந்தச் சந்திப்பில் மெத்தில் என்ற சிறிய அணுத்தொகுதி ஒன்றை ஒட்டி, சகுரானெட்டின் என்ற சேர்மத்தைச் செய்கிறது. ஜப்பானியச் செர்ரி மரத்தின் பெயரால் அறியப்பட்ட அது நெல்லிலும் தற்காப்புப் பொருளாக உருவாகிறது என்பது 1992இல் வெளியானது. சோளம் வேறு பக்கம் திரும்பி, ஃப்ளேவன்-4-ஆல் என்ற நிறமற்ற இடைப்பொருளைக் கடந்து, நம் செம்மஞ்சள் சேர்மங்களை அடைகிறது.

இதெல்லாம் சரி, சிவப்பு அங்கே இருக்கிறது என்பதாலேயே அதுதான் செடியைக் காத்தது என்று எப்படிச் சொல்வது? தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் தீ இருக்கிறது என்பதால் வண்டியே தீ வைத்தது என்றோ, வண்டிதான் அணைத்தது என்றோ உடனே முடிவுகட்டிவிட முடியாது. இந்த ஐயத்துக்கு விடை சொன்னது ஒரு கோடு போட்ட சோள விதை. சோளத்தில் மஞ்சள் விதை என்ற பொருளில் பெயரிடப்பட்ட ஒரு மரபணு உண்டு. ஃப்ளேவனாய்டு பாதையின் இந்தக் கிளையைத் திறந்துவிடும் ஆளுநர் அது. ஒரு சோள வகையில், இடம்விட்டு இடம் தாவும் மரபுத் துண்டு ஒன்று அந்த மரபணுவுக்குள் புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருந்தது. விதை வளரும்போது சில செல்களில் அந்தத் துண்டு தாவி வெளியேறிவிட, அந்தச் செல்களின் வழித்தோன்றல்கள் மட்டும் மீண்டும் சிவந்து, நிறமற்ற விதையுறையில் மிட்டாய்க் கோடுகள்போல் பட்டை பட்டையாகத் தெரிந்தன. மிட்டாய்க் கோடு என்றே அந்தத் துண்டுக்குப் பெயரும் வைத்தார்கள். துண்டு முழுமையாக வெளியேறி மரபணு சரியான செடிகளையும், துண்டின் குறுக்கீட்டால் மரபணு நிரந்தரமாகச் சிதைந்துவிட்ட செடிகளையும், மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி வளர்த்தெடுத்து, சோப்ரா என்ற ஆய்வாளரின் குழுவினர் இரண்டின்மேலும் ஆந்த்ரக்னோஸ் பூஞ்சையை ஏற்றிப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மரபணு வேலைசெய்த செடிகள் செஞ்சேர்மங்களைச் செய்து நோயைத் தடுத்தன. வேலைசெய்யாதவை அவற்றைச் செய்யவில்லை, நோய்க்கும் பலியாயின. பின்னர் அதே மரபணுவை மக்காச்சோளத்துக்கு மாற்றியபோது, அதுவும் ஆந்த்ரக்னோஸ் இலைக்கருகலைக் கூடுதலாகத் தாங்கியது.

ஆனாலும் சிவப்பையே தெய்வமாக்கிவிடவும் கூடாது. நான் சில ஆண்டுகளுக்கு முன் தொட்டிகளில் இரண்டு சோள வகைகளை வளர்த்து, ஒரு மாதப் பயிரின் இலையோரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுக் காத்திருந்தேன். நான்காம் நாள் ஒரு வகையின் வெட்டோரம் ஊதா கலந்த சிவப்பில் கோடு இழுத்திருந்தது. மற்றதன் ஓரம் வெறும் பழுப்பாகவே இருந்தது. பூஞ்சையே இல்லாத இடத்திலும் நிறம் வருகிறது, கத்தரிக்கோலுக்கும் அதே மரியாதைதான் என்பது முதல் பாடம். பழுப்பாக நின்ற வகை கையாலாகாதது என்று எண்ணிவிடக் கூடாது என்பது இரண்டாவது. இந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்களால் வருகிறது. நாரிஞ்செனினைச் சிவப்பின் பக்கம் திருப்பும் நொதி செயல்படாத செடிகள், அதே ஃப்ளேவனாய்டு குடும்பத்தின் இன்னொரு கிளையான ஃப்ளேவோன்களில் அபிஜெனின், லூட்டியோலின் என்ற இரண்டைத் திரட்டுகின்றன. பெயரில் ஒரு துணுக்குதான் குறைகிறது என்றாலும், இவை கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியாதவை. இவையும் பூஞ்சைக்கு எதிரானவையே. அபிஜெனினுக்கும் லூட்டியோலினுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. ஆனால் ஆந்த்ரக்னோஸ் வித்துகள் முளைப்பதைத் தடுப்பதில் லூட்டியோலின் அபிஜெனினை மிஞ்சியது. நோய்தாங்கும் ரகத்தில் லூட்டியோலின் விரைவாகவும் மிகுதியாகவும் சேர்ந்தது. எளிதில் நோய்வாய்ப்படும் ரகத்தில் அபிஜெனினே முதன்மையாக இருந்தது. நல்ல படைக்கலம் வைத்திருப்பதும் அதை நேரத்துக்கு எடுப்பதும் சேர்ந்துதான் தாங்கும் ரகத்தைத் தாங்கும் ரகமாக்குகின்றன.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. பட்டாணியின் வேரை அழுகவைக்கும் ஃபியூசேரியம் இனப் பூஞ்சை ஒன்று, பிஸாட்டினிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றிவிடும் நொதியை வைத்திருக்கிறது. அந்த ஒரு தொகுதி போனதும் நஞ்சின் கடுமை போய்விடுகிறது. வான்எட்டன் என்பவரின் குழு இந்த நொதியைப் பல ஆண்டுகள் துரத்தி ஆராய்ந்தது. 1989இல் அந்த மரபணுவை மக்காச்சோளத்தைத் தாக்கும் வேறொரு பூஞ்சைக்குக் கொடுத்தபோது, பட்டாணியோடு எந்த உறவும் இல்லாத அது பட்டாணியில் புண் உண்டாக்கத் தொடங்கியது. அதே மரபணுவை மட்கியதைத் தின்று வாழும் ஒரு சாதுவான பூஞ்சைக்குக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பூட்டைத் திறக்கச் சாவி வேண்டும், உண்மைதான். சாவி கிடைத்தவர்கள் எல்லாரும் திருடர்களாகிவிடுவதில்லை. பிறகு பட்டாணிப் பூஞ்சையிலிருந்தே அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அதன் வீரியம் குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை. நெல்லிலும் இதே நாடகம்தான்: நெல் மெத்திலை ஒட்டிச் சகுரானெட்டினைச் செய்கிறது, குலைநோய்ப் பூஞ்சை அந்த மெத்திலைக் கழற்றி மீண்டும் நாரிஞ்செனினாக்குகிறது. ஒருவர் தைப்பதை மற்றவர் பிரிக்கிறார்.

இவ்வளவையும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஃப்ளேவனாய்டு பூஞ்சையைக் கொல்லும் என்று ஒற்றை வரியில் எழுதி, அதோடு ஒரு புட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பும் செய்திகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பெட்ரித் தட்டில் அகர்மேல் பூஞ்சையை வளர்த்து, நடுவில் சேர்மம் நனைத்த காகித வட்டை வைத்தால், வட்டைச் சுற்றி வளர்ச்சியில்லாத வெளி ஒன்று தெரியத்தான் செய்யும். அது பொய்யல்ல. ஆனால் அந்தத் தட்டில் மெழுகுப் படலம் இல்லை, மழை இல்லை, வெயில் இல்லை, சேர்மத்தைச் சிதைக்கும் மற்ற நுண்ணுயிர்களும் இல்லை. நீரில் எளிதில் கரையாத இந்தச் சேர்மங்களில் பலவற்றை இலைமேல் தெளித்தால் அவை மேற்பரப்பில் படிந்திருக்குமே தவிர, பூஞ்சை துளைக்கும் செல்லுக்குள் போய் நிற்கா. செடி செய்வதோ நேரெதிரானது: ஊரெங்கும் தெளிப்பதில்லை, எதிரி கதவை உடைக்கும் அறையில் மட்டும், உடைக்கும் நேரத்தில் மட்டும், தானே சாகும் அளவுக்குக் கொட்டுகிறது. அந்தச் சேர்மத்தின் வலிமை எவ்வளவு என்று கேட்கும் கேள்வியோடு, எந்தச் செல்லில், எத்தனை மணிக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்காதவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தாவரச் சாறுகளால் நோய்க்கட்டுப்பாடே இயலாது என்று நான் வாதிடவில்லை. இலைக்குள் நடப்பதை எடுத்துக்காட்டிப் புட்டிக்குள் இருப்பதை விற்கக் கூடாது என்கிறேன்.

செடி எவ்வளவு கணக்குப் பார்த்து இதைச் செய்கிறது என்பதற்கு நிக்கல்சன் ஆய்வகத்தின் இன்னொரு சோதனையே போதும். இருட்டில் முளைத்த சோள நாற்றில், விதைக்கும் முதல் இலையுறைக்கும் நடுவே வெளுத்த, நூல் போன்ற ஒரு தண்டுப்பகுதி நீண்டு வளரும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அது சாதாரண ஆந்தோசயனினைச் செய்து மெல்ல ஊதாவாகும். வெளிச்சத்தில் இளந்தளிர் சிவப்பதைப்போன்ற அன்றாட நிகழ்வுதான் அது. அதே நாற்றின்மேல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போதே பூஞ்சை வித்துகளையும் வைத்துவிட்டால், ஆந்தோசயனின் சேருவது தடைப்பட்டுக் குறைந்துபோகிறது. அந்த நிறத்துக்காக வழக்கமாகச் செலவாகும் பாதை திரும்பி, செம்மஞ்சள் ஃபைட்டோஅலெக்சின்கள் சேரத் தொடங்குகின்றன. இரண்டு நிறங்களையும் ஒரே நேரத்தில் செய்ய அந்த நாற்று முயல்வதில்லை. ஒரு சாண் உயரம்கூட இல்லாத, இன்னும் பச்சையம்கூட முழுதாகப் பிடிக்காத முளை அது.